இழைச்சுற்றில் பட்டை வழுக்குதல், இடைவெளி, கழுத்து மேடு: 200 மி.மீ. கலனுக்கு ஆலோசனை தேவை

பிசின்வாளி எழுதியது:

வணக்கம். அலுமினிய லைனரின் (உள்கூட்டின்) மேல் கார்பன் இழையை ஈரமுறையில், அதாவது ரெசின் தொட்டியில் நனைத்தெடுத்து, சுற்றிச் சிறிய உயர் அழுத்தக் கலன் ஒன்றைச் செய்து வருகிறோம். லைனரின் வெளிவிட்டம் 200 மி.மீ., நடு உருளையின் நீளம் 300 மி.மீ., இரு முனைகளிலும் டோம் (குவிந்த மூடி). வால்வு பொருத்தும் முன்பக்கக் கழுத்தின் ஆரம் 25 மி.மீ.; பின்பக்க பாஸின் (டோமின் நடுவிலுள்ள உலோகப் புடைப்பின்) ஆரம் 40 மி.மீ. டி700எஸ் 12கே வகை இழையின் இரண்டு டோக்களை (தட்டையான இழைக்கற்றைகளை) அருகருகே சேர்த்து 12 மி.மீ. அகலமுள்ள ஒரே பட்டையாகச் சுற்றுகிறோம். இயந்திரம் நான்கு அச்சுகள் கொண்டது: மாண்ட்ரலின் (இழை சுற்றப்படும் உருவின், இங்கே லைனரின்) சுழற்சி, வண்டியின் நீளவாக்கு ஓட்டம், அதன் குறுக்கு நகர்வு, பட்டையை வெளிவிடும் இழைக்கண்ணின் உருளல்.

மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவதாக, ஒரு டோமிலிருந்து மறு டோமுக்குச் சாய்வாகச் சுருண்டு போகும் ஹெலிகல் அடுக்குகளில் பின்பக்க டோமை அடையும் பட்டை, மென்பொருள் காட்டிய இடத்தில் நிற்காமல் மையத்தை நோக்கி நகர்ந்து, பாஸின் விளிம்பில் ஏறி மடிந்துகொள்கிறது. இரண்டாவதாக, உருளைப் பகுதியில் ஓர் அடுக்கு முழுமையாக முடிந்த பிறகும் பட்டைகளுக்கு நடுவே சாய்சதுர வடிவத்தில் இடைவெளிகள் எஞ்சுகின்றன. முதல் அடுக்கில் அவற்றின் வழியே அலுமினியம் பளபளப்பது தெரிகிறது. மூன்றாவதாக, முன்பக்கக் கழுத்தைச் சுற்றி வயல் வரப்பைப்போல் ஒரு மேடு எழும்புகிறது. அதற்கு அடுத்த பகுதியில் பட்டை கீழே படியாமல் அந்தரத்தில் நிற்பதால், ரெசின் இறுகிய பிறகு விரல் நுனியால் தட்டினால் அவ்விடத்தில் மட்டும் வெற்றொலி கேட்கிறது. நீரழுத்தச் சோதனையில் கலன் உருளையின் நடுவில் கிழியாமல், டோமும் உருளையும் சேரும் இடத்திலேயே கணக்கிட்டதைவிடக் குறைந்த அழுத்தத்தில் கிழிகிறது.

ரெசினை இன்னும் கெட்டியாக்குவதா, இழுவிசையைக் கூட்டுவதா, மென்பொருளில் வேறு சுற்று வடிவத்தைத் தேர்வதா என்று எங்கள் கூடத்தில் ஆளுக்கொரு கருத்தாக இருக்கிறது. இத்துறையில் கை வைத்தவர்கள் வழி காட்ட வேண்டுகிறேன்.

வால்வு எழுதியது:

உள்ளழுத்தம் தாங்கும் உருளைக்கு உகந்த சுற்றுக் கோணம், அதாவது இழை கலனின் அச்சோடு ஆக்கும் கோணம், 54.7 பாகை என்றுதான் பாடநூல்கள் சொல்கின்றன. நீங்கள் எந்தக் கோணத்தில் சுற்றுகிறீர்கள் என்பதையே எழுதவில்லையே. கோணம் பொருந்தாவிட்டால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை.

கோணமானி எழுதியது:

வால்வு அவர்கள் சொல்லும் 54.7 பாகை, இரு முனையும் மூடிய நீண்ட குழாயை ஒரே ஒரு கோணத்தில் மட்டும் சுற்றும்போது கிடைக்கும் விடை. உருளையில் சுற்றுவாக்குத் தகைவு நீளவாக்குத் தகைவைப்போல் இரு மடங்கு என்பதால், கோணத்தின் டேன் மதிப்பின் வர்க்கம் 2 ஆக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. டோம் உள்ள கலனுக்கு அது பொருந்தாது. காரணம் எளியது. சுழற்சிப் பரப்பு ஒன்றின் மேல் வழுக்காமல் செல்லும் ஜியோடெசிக் பாதையில், ஆரத்தையும் கோணத்தின் சைன் மதிப்பையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் கிடைக்கும் என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளேரோ நிறுவிய விதி. அதன்படி 100 மி.மீ. ஆரமுள்ள உங்கள் உருளையில் 54.7 பாகையில் புறப்படும் பட்டை, 81.6 மி.மீ. ஆரத்திலேயே திரும்பிவிடும், டோமின் பெரும்பகுதி இழையே இல்லாமல் வெறுமையாக நிற்கும். ஆகவே டோம் உள்ள கலனில் ஹெலிகல் கோணத்தைக் கழுத்தின் ஆரமே தீர்மானிக்கிறது. சுற்றுவாக்கில் போதாத வலிமையை, உருளையை வளையம்போல் குறுக்கே சுற்றும் ஹூப் அடுக்குகள் ஈடுசெய்கின்றன.

இப்போது உங்கள் கலனுக்கு வருவோம். முன்பக்கக் கழுத்து 25 மி.மீ.; பட்டையின் பாதி அகலம் 6 மி.மீ.; ஒரு மி.மீ. இடைவெளி விட்டால், பட்டையின் நடுக்கோடு 32 மி.மீ. ஆரத்தில் திரும்ப வேண்டும். அதற்குரிய உருளைக் கோணம் 18.7 பாகை. பின்பக்கத்தில் இதே கணக்குப்படி நடுக்கோடு 47 மி.மீ. ஆரத்தில் திரும்ப வேண்டும். அதற்குரிய கோணம் 28 பாகை. உருளையின் மேல் ஜியோடெசிக் பாதை என்பது கோணம் மாறாத பாதை. நீங்களோ 300 மி.மீ. தூரத்துக்குள் 18.7-லிருந்து 28-க்குக் கோணத்தை வளைக்கிறீர்கள். இந்த வளைவைத் தாங்குவது உராய்வு மட்டுமே.

தேவைப்படும் உராய்வைக் கணக்கிட ஒரு நேரடியான வாய்பாடு உண்டு. இரு கோணங்களின் சைன் மதிப்புகளைத் தலைகீழாக்கி, அவற்றின் வேறுபாட்டை உருளையின் ஆரத்தால் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். 0.32-இன் தலைகீழி 3.125, 0.47-இன் தலைகீழி 2.128, வேறுபாடு ஏறத்தாழ 1. அதை 100-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 0.33 கிடைக்கிறது. ஈரமான இழைக்கு 0.2-ஐத் தாண்டிய உராய்வை நான் கணக்கில் எடுப்பதில்லை. அந்த அளவுக்குள் நிற்க வேண்டுமென்றால் உங்கள் உருளை 500 மி.மீ. நீளமாவது இருந்திருக்க வேண்டும்.

உராய்வு போதாதபோது பட்டை தன் இயல்பான பாதைக்கே திரும்பப் பார்க்கும். 18.7 பாகையிலேயே பின்பக்கத்தை அடையும் பட்டை 32 மி.மீ. ஆரத்தில்தான் திரும்ப முடியும். அங்கோ 40 மி.மீ. பாஸ் குறுக்கே நிற்கிறது. ஏறி மடிவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இதை ரெசினைக் கெட்டியாக்கிச் சரிசெய்ய முயன்றால், டோவின் உட்புறம் நனையாமல் காற்றுக்குமிழ்கள் தங்கும். வழுக்கலோ நிற்காது, சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

ராக்கெட் மோட்டார் உறைகளைச் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி பழகிப்போன ஒன்று. முன்பக்கம் பற்றவைப்பானுக்குச் சிறு துளையும் பின்பக்கம் நாசிலுக்குப் பெரிய துளையும் வேண்டியிருப்பதால், சமமில்லாத திறப்புகளோடுதான் அவர்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் நிலை மோட்டாருக்குச் சுற்றப்படும் கெவ்லார் உறையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

பழைய_தறி எழுதியது:

கோணமானியின் கணக்கு சரியே. ஆயினும் அவருடைய கணக்கும் உங்கள் மென்பொருளின் கணக்கும் அகலமே இல்லாத ஒரு கோட்டுக்கானவை. மாண்ட்ரலில் விழுவது கோடு அன்று, பட்டை. நீங்கள் பட்டியலிட்ட மூன்று குறைகளுமே இந்த வேறுபாட்டில் வேர்கொண்டவை என்பது என் கருத்து.

மென்பொருளில் 12 மி.மீ. என்று எழுதிவிட்டதால் பட்டை 12 மி.மீ. ஆகிவிடாது. டோ எப்படி அவிழ்கிறது, எத்தனை தண்டுகளின் மேல் வளைந்து வருகிறது, எவ்வளவு ரெசின் ஏறியிருக்கிறது, இழைக்கண் மாண்ட்ரலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பவையெல்லாம் சேர்ந்தே அகலத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே முதலில் ஒரே ஒரு சுற்றை, வழக்கமான வேகத்தில், ரெசினோடு ஓட்டி இயந்திரத்தை நிறுத்துங்கள். உலர்ந்த இழையை ஓட்டி அளப்பதில் பயனில்லை. நனைந்த டோ வேறு அகலத்தில் படியும். எஃகு இசுகேலை எடுத்து உருளையின் நடுவிலும், டோம் தொடங்கும் இரு கோடுகளிலும், இரு திருப்பங்களிலும் பட்டையின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு டோக்களுக்கு நடுவே பிளவு இருக்கிறதா, அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, இழை சுற்றிவந்த பாபினிடம் போங்கள். பாபினை அச்சில் சுழலவிட்டு இழையைப் பக்கவாட்டில் எடுக்கிறீர்களா, அல்லது பாபினை நிமிர்த்தி நிறுத்தித் தலைவழியே இழுக்கிறீர்களா? தலைவழியே இழுத்தால் பாபினின் ஒவ்வொரு வளையத்துக்கும் டோவில் ஒரு முழு முறுக்கு ஏறும். 160 மி.மீ. விட்டமுள்ள பாபின் என்றால், ஏறத்தாழ அரை மீட்டருக்கு ஒரு முறுக்கு. முறுக்கு ஏறிய இடத்தில் தட்டையான டோ கயிறாகச் சுருண்டுவிடும். எந்தத் தண்டின் மேல் இழுத்தாலும் அது முழுமையாக விரியாது. டோக்களை வழிநடத்தும் சீப்பின் பல்லிடுக்கில் கறுப்புப் பஞ்சு சேர்கிறதா என்றும் கவனியுங்கள். பஞ்சு சேர்ந்தால் இழைகள் அங்கே அறுகின்றன என்று பொருள். அந்தப் பஞ்சு உருண்டை பெயர்ந்து பட்டையோடு போய் அடுக்கினுள் சிக்கிக்கொள்ளும்.

இழைக்கண்ணின் உருளல் அச்சு உங்களிடம் இருப்பது பெரிய வசதி. ஆனால் திருப்பத்தில் அது சரியான நொடியில் திரும்புகிறதா? டோமின் மேல் பட்டை திரும்பும்போது அதன் நடுவும் விளிம்புகளும் ஒரே நீளத்தைக் கடப்பதில்லை. கார்பன் இழை நீண்டு கொடுக்காது என்பதால் விளிம்புகள் தளர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் இழைக்கண் சாய்ந்த நிலையில் இருந்தால், தளர்ந்த விளிம்பு உள்ளே மடங்கிப் பட்டை பாதி அகலமாகிவிடும். இழைக்கண்ணுக்கும் மாண்ட்ரலுக்கும் இடையிலுள்ள தாங்கலற்ற நீளம் கூடக்கூட இந்தப் பிழையும் பெருகும். மோதல் நேராத அளவுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவாருங்கள்.

பிசின்வாளி எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி ஒரு சுற்று ஓட்டி நிறுத்தி அளந்தோம். உருளையின் நடுவில் ஹெலிகல் பட்டையின் அகலம் 10.5 மி.மீ. அதே பட்டை ஹூப் அடுக்கில் 12.5 மி.மீ. வரை விரிகிறது. பின்பக்கத் திருப்பத்தில் 7 மி.மீ.க்குச் சுருங்கி, ஒரு டோ மற்றதன் மேல் ஏறியிருக்கிறது. பாபின்கள் இரண்டும் நிமிர்த்தி வைக்கப்பட்டுத் தலைவழியேதான் இழுக்கப்படுகின்றன. மென்பொருள் ஓர் அடுக்குக்கு 50 சுற்றுகள் தருகிறது.

ஹூப்பில் விரியும் பட்டை ஹெலிகலில் ஏன் விரிவதில்லை என்பது எங்களுக்கு விளங்கவில்லை. தொட்டி, தண்டுகள், வேகம், இழுவிசை எதுவும் மாறவில்லை.

கோணமானி எழுதியது:

இடைவெளிக்கான விடை உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது. 100 மி.மீ. ஆரமுள்ள உருளையை 18.7 பாகையில் ஒரு முறை முழுமையாக மூட வேண்டிய மொத்தப் பட்டை அகலம், சுற்றளவை அக்கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கிடைக்கும் 595 மி.மீ. அதை 50-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 11.9 மி.மீ. பட்டை 12 மி.மீ. இருந்தால் சரியாக மூடும். 10.5 மி.மீ. மட்டுமே இருப்பதால் ஒவ்வொரு பட்டைக்கும் அருகே 1.4 மி.மீ. திறந்து கிடக்கிறது, மொத்தப் பரப்பில் இது ஏறத்தாழ 12 சதவீதம். மேலும் கீழுமாகப் போகும் பட்டைகளின் இடைவெளிகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களே நீங்கள் காணும் சாய்சதுரங்கள்.

கோணம் வளையும் பாதையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 28 பாகை உள்ள பின்பக்கத்தில் மூட வேண்டிய அகலம் 555 மி.மீ.தான். ஆகவே முன்பக்கத்தைக் கணக்கில் கொண்டு சுற்றுகளின் எண்ணிக்கையை முடிவு செய்தால் பின்பக்கத்தில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பின்பக்கத்தைக் கணக்கில் கொண்டால் முன்பக்கம் திறந்து கிடக்கும். ஏறுவது இடைவெளியைவிடச் சிறிய தீமை.

அடுக்குகள் ஏற ஏற ஆரமும் வளர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 3 மி.மீ. தடிப்பு ஏறிய பிறகு, திரும்பும் ஆரத்தை மாற்றாமலே வைத்தாலும், அதே 50 சுற்றுகளுக்கு 12.3 மி.மீ. பட்டை தேவைப்படும். அதாவது முதல் அடுக்கில் ஒட்டி நின்ற பட்டைகள் மேல் அடுக்கில் விலகி நிற்கும். ஒரே நிரலை எல்லா அடுக்குகளுக்கும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, சில அடுக்குகளுக்கு ஒருமுறை அப்போதைய ஆரத்தை அளந்து நிரலைப் புதுப்பியுங்கள். சுற்றுகளை 51 அல்லது 52 ஆக உயர்த்தும்போது வடிவ எண்ணையும் (எத்தனை சுற்றுகளுக்குப் பிறகு பட்டை முதல் பட்டையின் அருகே வந்து விழும் என்ற எண்ணையும்) சரிபார்க்க வேண்டியிருக்கும். 50 சுற்றுகளுக்கு 7 என்ற வடிவ எண் பொருந்தியது, ஏழேழு 49 போக ஒன்று மிஞ்சி, அடுத்த பட்டை முதல் பட்டையின் அருகே வந்து விழும் என்பதால். 51-க்கு 7 பொருந்தாது, 5 பொருந்தும்.

இழையாள் எழுதியது:

ஹூப்பில் விரிவதும் ஹெலிகலில் விரியாததும் வியப்புக்குரியதல்ல. பட்டையைப் பரப்பின் மேல் அழுத்தும் விசை இழுவிசையிலிருந்து மட்டும் வருவதில்லை. பாதை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. பட்டையின் மொத்த இழுவிசை 40 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 100 மி.மீ. ஆரத்தில் 12 மி.மீ. அகலப் பட்டை ஹூப்பாகச் சுற்றும்போது கீழே கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.33 பார். அதே பட்டை 18.7 பாகையில் போகும்போது கோணத்தின் சைன் வர்க்கத்தால் இதைப் பெருக்க வேண்டும், கிடைப்பது 0.034 பார், அதாவது பத்தில் ஒரு பங்கு. குறைந்த கோண ஹெலிகல் பட்டை உருளையின் மேல் ஏறத்தாழ சும்மா கிடக்கிறது என்றே சொல்லலாம். அதனால்தான் அது விரிவதில்லை, ரெசினும் பிழிந்து வெளியேறுவதில்லை.

ஆகவே ஹெலிகல் பட்டையின் அகலத்தை மாண்ட்ரல் உண்டாக்கித் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இழைக்கண்ணை விட்டு வெளிவரும்போதே அது முழு அகலத்தில் இருக்க வேண்டும். ஹெலிகல் அடுக்குகளை எல்லாம் ஒரே மூச்சில் சுற்றி முடிக்காமல், இடையிடையே ஹூப் அடுக்கு ஒன்றைக் கொடுத்தால், அது கீழே இருப்பவற்றை அழுத்திச் சமப்படுத்தும்.

இழுவிசையை எங்கே அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பாபின் அருகே அளப்பது பெரும்பாலும் ஏமாற்றும். டோ மூன்று தண்டுகளில் ஒவ்வொன்றிலும் கால் வட்டம் வளைந்து வந்தால், உராய்வு 0.2 எனக் கொண்டாலும் இழுவிசை இரண்டரை மடங்காகிவிடும். பாபினில் 8 நியூட்டன் என்பது இழைக்கண்ணில் 20 நியூட்டன். ரெசின் சூடேறி நீர்த்தால் இந்த மடங்கும் மாறும். எனவே இழைக்கண்ணுக்கு அருகிலேயே அளவி வைப்பது நல்லது. வண்டி திசை மாறும் நொடியில் இழை தளர்வதால், அந்தத் தளர்வை உடனே உள்வாங்கும் சுருள்வில் கை ஒன்று பாபினுக்கும் தொட்டிக்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத இயந்திரத்தில் திருப்பத்தில் பட்டை எங்கே விழும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இழுவிசையைக் கூட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மேல் அடுக்குகளை மிகை இழுவிசையில் சுற்றினால், கீழே இன்னும் இறுகாத அடுக்குகள் நசுங்கித் தளர்ந்து அலை அலையாக நெளியும். ஆகவே உள்ளே சற்றுக் கூடுதலாகத் தொடங்கி, வெளியே போகப்போகக் குறைத்து வருவதே வழக்கம். தடிமனான சுவர்களில் இது மிகவும் முக்கியம். 2023 ஜூனில் அட்லாண்டிக் கடலில் நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியின் கார்பன் உருளை ஏறத்தாழ 5 அங்குலத் தடிமன் கொண்டது. அதன் அடுக்குகளில் நெளிவுகளும் காற்றுத்துளைகளும் இருந்ததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அது வெளியழுத்தம் தாங்க வேண்டிய உடல், உங்களுடையது உள்ளழுத்தக் கலன். அமுக்கத்தில் நெளிவு இன்னும் கொடியது. இருந்தாலும் நெளிந்த இழை நிமிரும் வரை சுமையை வாங்காது என்பது இரண்டுக்கும் பொது.

வால்வு எழுதியது:

இவ்வளவு தொல்லை எதற்கு? போயிங் 787-இன் உடற்பகுதியைச் செய்வதுபோல், அழுத்து உருளை கொண்ட தானியங்கி இழையிடும் தலையை ரோபோ கையில் பொருத்திவிட்டால், உராய்வும் வேண்டாம் கிளேரோவும் வேண்டாமே.

பழைய_தறி எழுதியது:

அந்தத் தலை டோவை அழுத்தி ஒட்டுகிறது, வேண்டிய இடத்தில் வெட்டுகிறது, குழிந்த பரப்பிலும் இடுகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்னரே ரெசின் ஏற்றிய இழை வேண்டும், விலையும் வேறு தரத்தில் இருக்கும். வளைவு மிகுந்த பாதையில் ஒருபக்க விளிம்பு நெளியும் சிக்கல் அங்கேயும் உண்டு. 200 மி.மீ. கலனின் கழுத்தருகே அந்தத் தலை நுழைய இடம் இருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த உரையாடலைத் தொடங்கியவரிடம் இருப்பது நான்கு அச்சு இயந்திரம். அதை வைத்தே பேசுவோம்.

ஹூப்89 எழுதியது:

கழுத்து மேட்டைப் பற்றி இன்னும் யாரும் தொடவில்லை. உருளையில் வேண்டிய எண்ணிக்கையில் போகும் பட்டைகள் அத்தனையும் கழுத்தருகே சிறிய வட்டத்துக்குள் நெருக்கியடித்துத் திரும்ப வேண்டியிருப்பதால், அங்கே தடிப்பு ஏறுவது தவிர்க்க முடியாதது. எவ்வளவு ஏறும் என்பதையும் கணக்கிடலாம். 32 மி.மீ. ஆரத்தில் திரும்பும் பட்டைக்கு, 44 மி.மீ. ஆரத்தில் தடிப்பு உருளையில் உள்ளதைவிட 3 மடங்குக்குச் சற்று மேல், 38 மி.மீ. ஆரத்தில் நான்கரை மடங்குக்கு மேல். திரும்பும் ஆரத்தை நெருங்க நெருங்க அந்த வாய்பாடு முடிவிலிக்கே ஓடிவிடும். உண்மையான பட்டைக்கு அகலம் இருப்பதால் முடிவிலி வராது, மேடு வரும். உங்கள் டோக்களின் அளவுக்கு இழைக் கன அளவு 60 சதவீதம் எனக் கொண்டால், ஒரு ஹெலிகல் அடுக்கின் தடிப்பு, போகும் பட்டையும் வரும் பட்டையும் சேர்த்து, கால் மி.மீ. அளவு. பத்து அடுக்குகளுக்கு உருளையில் 2.5 மி.மீ. என்றால், 44 மி.மீ. ஆரத்தில் ஏறத்தாழ 8 மி.மீ. வந்து நிற்கும். அந்த மேட்டின் வெளிச்சரிவு குழியாக மாறியவுடன், இழுவிசையில் நிற்கும் பட்டை குழிக்குள் இறங்காமல் நேராகக் கடந்துவிடும். நீங்கள் தட்டிக் கேட்கும் வெற்றொலி அதனால்தான். இங்கே இழுவிசையைக் கூட்டினால் பட்டை இன்னும் விறைப்பாக எழும்பி நிற்குமே தவிர, கீழே படியாது.

இதற்குக் கைகண்ட மருந்து, எல்லா அடுக்குகளையும் ஒரே ஆரத்தில் திருப்பாமல் படிப்படியாக வெளியே தள்ளுவது. சில அடுக்குகள் 32 மி.மீ.யிலும், அடுத்தவை 38 மி.மீ.யிலும், அதற்கடுத்தவை 44 மி.மீ.யிலும் திரும்பட்டும். உருளைக் கோணம் முறையே 18.7, 22.3, 26.1 பாகை ஆகும். மேடு பரவிச் சரிவாகிவிடும், குழி விழாது.

டோமும் உருளையும் சேரும் இடத்தில் கிழிவதற்கும் இழை அமைவே காரணம் என்று நினைக்கிறேன். ஹூப் அடுக்குகள் எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அங்கே ஒரு படி உண்டாகும்; அதன் மேல் ஏறி இறங்கும் ஹெலிகல் பட்டை செங்குத்தாக மடிந்து, அந்த மடிப்பிலேயே அறும். டோமுக்குள் ஹூப்பைக் கொஞ்சம் நீட்டினால் அது சரிவில் வழுக்கி விழும். எனவே ஒவ்வொரு ஹூப் அடுக்கையும் முந்தையதைவிட ஒரு பட்டை அகலம் உள்ளே தள்ளி முடித்துச் சாய்தளம்போல் இறக்குங்கள். டொயோட்டா நிறுவனம் 2014-இல் வெளியிட்ட மிராய் காரின் 700 பார் ஹைட்ரஜன் கலனிலும் இதே இடத்தைத்தான் கவனித்தார்கள். அதற்கு முந்தைய வடிவமைப்பில் டோம் தொடங்கும் இடத்தைக் காக்க உயர்கோண ஹெலிகல் அடுக்குகள் சுற்றப்பட்டன; அவை உருளை முழுவதும் போர்த்திக்கொண்டு போயினவே தவிர, அங்கே அவற்றால் பெரிய பயன் இல்லை. லைனரின் வடிவத்தை மாற்றி, அந்த இடத்தை ஹூப் அடுக்குகளே தாங்குமாறு செய்து, உயர்கோண அடுக்குகளை நீக்கிவிட்டார்கள்.

பிசின்வாளி எழுதியது:

பாபின்களை அச்சில் பொருத்திச் சுழலவிட்டதும் முறுக்கு நின்றுவிட்டது. ஹெலிகல் பட்டை இப்போது உருளையில் 11.5 மி.மீ. இருக்கிறது. இழைக்கண்ணையும் அருகில் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் பின்பக்க பாஸ்தான் இடிக்கிறது. 40 மி.மீ. பாஸ் உள்ள லைனர்கள் கையில் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டுப் புதிதாகச் செய்ய மேலிடம் ஒப்பாது. இரு பக்கமும் 47 மி.மீ. ஆரத்திலேயே திருப்பிவிடலாமா?

கோணமானி எழுதியது:

அப்படிச் செய்தால் வழுக்கல் முற்றிலும் நிற்கும், 28 பாகையில் சுத்தமான ஜியோடெசிக் கிடைக்கும். ஆனால் முன்பக்கத்தில் பட்டையின் உள்விளிம்பு 41 மி.மீ.க்கு வெளியே நின்றுவிடும். 25-லிருந்து 41 மி.மீ. வரையுள்ள அலுமினிய வளையம் இழையின் துணையின்றி அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கழுத்தின் அடிப்பகுதி அந்த அளவுக்குத் தடிமனாக இல்லாவிட்டால் இந்த வழி வேண்டாம்.

நடுவழி ஒன்று இருக்கிறது. முன்பக்கத்தில் 38 மி.மீ.யில் திருப்புங்கள், பின்பக்கத்தில் 47 மி.மீ.யிலேயே இருக்கட்டும். அப்போது தேவைப்படும் உராய்வு 0.17. ஈரமுறையில் இது நிற்கும். முன்பக்கத்தில் துணையின்றி விடப்படும் வளையம் 25-லிருந்து 32 மி.மீ. வரை மட்டுமே, வழக்கமான கழுத்துத் தடிமனுக்குள் அது அடங்கிவிடும். மூட வேண்டிய அகலம் முன்பக்கத்தில் 581 மி.மீ. என்பதால், 11.5 மி.மீ. பட்டைக்கு 51 சுற்றுகள் போதும். ஹூப்89 சொன்ன படிமுறையை இதற்கு மேல் வெளிப்புறமாகத் தொடங்குங்கள். இரு பக்கமும் சேர்ந்தே நகர வேண்டும், இல்லாவிட்டால் உராய்வுத் தேவை மீண்டும் ஏறும்.

கோணம் மாறியதால் ஹூப்பின் அளவையும் திருத்த வேண்டும். இழை மட்டுமே சுமை தாங்குகிறது என்ற எளிய கணக்கின்படி, 18.7 பாகையில் ஹெலிகல் தடிப்பைப்போல் 1.7 மடங்கு ஹூப் தேவை, 22.3 பாகையில் 1.57 மடங்கு, 28 பாகையில் 1.34 மடங்கு. உருளை நெடுகிலும் கோணம் மாறுவதால், முன்பக்கத்தின் 1.57-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய_தறி எழுதியது:

கைவசம் உள்ள லைனர்களுக்கு இது போதும். ஆயினும் அடுத்த தொகுதிக்கு பாஸைச் சிறிதாக்கச் சொல்லி இப்போதே எழுதிவிடுங்கள். 0.17 என்பது கணக்கில் நிற்கும். முதல் அடுக்கில், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய அலுமினியத்தின் மேல், அதுவும் நிற்காது. லைனரை நன்றாகத் துடைத்து, மணல் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிசின்வாளி எழுதியது:

அப்படியே செய்கிறோம். திருத்திய முறையில் முதல் கலனைச் சுற்றி முடித்ததும் நீரழுத்தத்தில் வெடிக்கவைத்து, கிழிந்த இடத்தின் படத்தோடு வருகிறேன்.

இழையாள் எழுதியது:

முதல் கலனை வெடிக்கவைக்க வேண்டாம். வெடித்த கலனில் டோமின் அடுக்குகள் சிதறிப்போய், எது முன்பே இருந்த குறை, எது வெடிப்பால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ரெசின் இறுகியதும் வைரப் பல் கொண்ட அறுவைச் சக்கரத்தால் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, வெட்டுமுகத்தை ஈர மணல் தாளில் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். முன்பக்கக் கழுத்திலிருந்து டோம் தொடங்கும் கோடு வரை ஒவ்வொரு 5 மி.மீ.க்கும் தடிப்பை அளந்து, ஹூப்89 கொடுத்த மடங்குகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டை கீழே படியாமல் பாலம் கட்டிய இடம் எஞ்சியிருந்தால் ரெசின் தேங்கிய பளபளப்பான கோடாகவோ வெற்றிடமாகவோ கண்ணுக்கே தெரியும். வெடிப்புச் சோதனைக்கு இரண்டாவது கலனை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுகத்தின் படத்தை முதலில் இங்கே போடுங்கள்.